ட்ரை பண்றீங்களா?

29 ஜூலை, திங்கள்

மதுரை கிளினிக்கில் கவுன்சலிங் கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். மனதில் இருப்பதைத் தினமும் எழுதினால் பாரம் குறையும் என்றாள். "எழுத ட்ரை பண்ணுங்க மேம்." எத்தனையோ ட்ரை பண்ணியாயிற்று, இதையும் பண்ணிவிடுவோம் என்று இந்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன். செம்புக் கம்பி கம்பெனிக்காரர் இவருக்குப் புது வருஷத்துக்குக் கொடுத்தது. இதுவரை ஒரு எழுத்துகூட விழாமல் கிடந்தது.

முதலில் தன்னைப் பற்றி எழுத வேண்டுமாம். நான் சுகந்தி. வயது முப்பத்தேழு. திண்டுக்கல்லில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சுடிதார் செக்‌ஷனில் நிற்கிறேன். கணவர் ஞானசேகர், பழனி ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். குழந்தை இல்லை. அவ்வளவுதான், என்னைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் கடைசி வரியைத்தான் முதலில் சொல்வார்கள்.

நாளை மறுநாள் கருவை உள்ளே வைக்கிறார்கள். ஏற்கெனவே மூன்று தடவை வைத்து மூன்றும் தங்கவில்லை. உறைய வைத்திருந்ததில் மிச்சம் ஒன்றே ஒன்று. இது போனால் வேறு கிடையாது என்று டாக்டர் மேடம் சொல்லிவிட்டார். எனக்கு இனிமேல் புதிதாக முட்டை எடுக்க முடியாதாம்.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் தொடங்கியது இந்தக் கேள்வி. "என்ன, ட்ரை பண்றீங்களா?" பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயில் வரிசையில். யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் கேட்பது என்ன? புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி ஒன்றாகப் படுக்கிறீர்களா என்பதுதானே? இதையே தமிழில் கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இங்கிலீஷில் கேட்பதால் அக்கறை ஆகிவிடுகிறது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, "ஆமாக்கா, ட்ரை பண்றோம்" என்பேன்.

30 ஜூலை, செவ்வாய்

அத்தைக்கு நேற்றிலிருந்து ஒரே யோசனை. இது ஆடி மாதம். ஆடியில் தங்கினால் சித்திரையில் பிறக்கும், சித்திரையில் பிறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். புதுசாகக் கல்யாணமான பெண்களை ஆடியில் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது இதற்குத்தான். எனக்கும் முதல் ஆடியில் சீர்வரிசையோடு ஆள் வந்து அழைத்துப் போனார்கள். அந்த ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டோமே என்று இப்போது தோன்றுகிறது.

ஆவணி வரைக்கும் தள்ளிப்போடச் சொல்வார் என்று நினைத்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கோபமாகத்தான் வைத்திருந்தேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"சித்திரையில பொறந்தா பொறந்துட்டுப் போகுதுத்தா. எந்த மாசமா இருந்தா என்ன, பொறந்தாப் போதும்."

அத்தை இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ராகு காலம் பார்க்காமல் மிளகாய்கூட அரைக்கக் கொடுக்க மாட்டார். எனக்குச் சண்டை போட ஒன்றும் இல்லாமல் போனது. கீரையை வாங்கி நானே ஆய்ந்தேன்.

31 ஜூலை, புதன்

வைத்துவிட்டார்கள்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. முட்ட முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் படுக்க வைத்தார்கள். டி.வி. மாதிரி ஒன்றில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அதுதான் என்றாள் நர்ஸ். இவர் வெளியே நின்றிருந்தார், அதனால் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது, எப்படி இருந்தது என்று கேட்டார். கடுகில் பாதிகூட இல்லை என்றேன்.

வைப்பதற்கு முன்னால் டாக்டர் மேடம் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். உருக்கி எடுத்ததில் கருவின் தரம் நினைத்த அளவுக்கு இல்லையாம். சில செல்கள் செத்துப்போய்விட்டனவாம். "பரவாயில்ல, ட்ரை பண்ணிப் பார்க்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தப் பரிசோதனை பதினான்காம் தேதி.

1 ஆகஸ்ட், வியாழன்

லீவு. இட்லி, பால், மாத்திரை, ஊசி. குடத்தைத் தொடாதே, குனியாதே என்று அத்தை பின்னாலேயே வருகிறார். நர்ஸ், எப்போதும்போல் இருக்கலாம், நடக்கலாம் என்றுதான் சொன்னாள். சொன்னால் யார் கேட்கிறார்கள்? தும்மல் வந்தபோது எனக்கே பயமாக இருந்தது.

3 ஆகஸ்ட், சனி

இரண்டு நாளுக்கு மேல் லீவு கிடையாது. ஆடித் தள்ளுபடி, பதினெட்டாம் பெருக்கு, கடையில் நிற்க இடமில்லை. வேலைக்குப் போவதற்கு அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. இவர்தான் வண்டியில் மெதுவாகக் கொண்டுவந்து விட்டார். வேகத்தடையில் இறங்கித் தள்ளிக்கொண்டே போனார், பின்னால் வந்த ஆட்டோக்காரன் சிரித்தான்.

நாள் முழுக்க என் வாயில் ஒரே வார்த்தை. "ட்ரை பண்ணிப் பாருங்க மேடம். இந்த கலர் உங்களுக்கு எடுக்கும், ட்ரை பண்ணிப் பாருங்க." பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறேன். வாங்க வருகிறவர்கள் ட்ரை பண்ண மாட்டார்கள், அளவைச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கை நிறைய அள்ளிக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போகிறவர்கள்தான் வெறுங்கையோடு வெளியே வருவார்கள். "சும்மா ட்ரை பண்ணினேன்" என்று குவியலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மடித்து வைப்பது எங்கள் தலையெழுத்து.

பக்கத்து ராக்கில் நிற்கும் ஜெசிந்தா மட்டும்தான் கடையில் விஷயம் தெரிந்தவள். எனக்கு ஒரு ஸ்டூலைத் துணிக்கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். மேனேஜர் வந்தால் இருமுவாள், நான் எழுந்து நிற்பேன்.

நான் முன்பு கிட்ஸ் செக்‌ஷனில் இருந்தேன். அங்கே கூட்டம் அதிகம், பிள்ளைகள் சத்தம் தலைவலி என்று நானே கேட்டு மாற்றிக்கொண்டேன். இன்றைக்கு இங்கேயும் அதே சத்தம்தான். ஆனாலும் சுடிதார் பரவாயில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் இவருக்குச் சோறு கொண்டுபோனேன். பட்டறையில் ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். மூன்றாவது தடவையாகக் கருகியதாம். இவர் கழற்றிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அந்த ஆள் இவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடாவிட்டால் வெங்காயம் போய்விடும் என்றார்.

"ட்ரை பண்ணிப் பாக்கலாம்ணே, வச்சுட்டுப் போங்க" என்றார் இவர்.

அந்த ஆள் முகம் தெளிந்து, டீ குடிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் இவர் மோட்டாரைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அது முடிந்துபோன மோட்டார். உள்ளே இரும்பே வெந்துவிட்டது. எனக்கே தெரியும், பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். இவர் "முடிச்சிடலாம்" என்றால் ஓடும். "ட்ரை பண்ணிப் பாக்கலாம்" என்றால் ஓடாது. இரண்டு நாள் கழித்து ஆள் வரும்போது, ரொம்ப ட்ரை பண்ணினோம்ணே, பிடிக்கவில்லை என்பார். நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது, இரண்டு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டுமே என்றார்.

நல்ல வேளை, டாக்டர் மேடம் இவரைப் போல இல்லை. பெரிய படிப்பெல்லாம் படித்தவர். உள்ளதை உள்ளபடி சொல்வார்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

அடிவயிற்றில் இழுக்கிறாற்போல் இருக்கிறது. கரு ஒட்டும்போது அப்படி இருக்குமாம், ஜெசிந்தா ஃபோனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏ குட்டி, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். இதுவரை மூன்று தடவையும் நான் பேசவில்லை. பேசினால் ஆசை வைத்தது மாதிரி ஆகிவிடும் என்று வாயைக் கட்டிவைத்திருந்தேன். அப்படிக் கட்டிவைத்து என்ன ஆனது? அதனால் இந்தத் தடவை பேசுகிறேன். நாகல் நகர் ஸ்டாப் வரைக்கும் பேசினேன். அது யார் வீடு, இது என்ன கடை, உன் அப்பா பட்டறைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும், எல்லாம் சொன்னேன்.

8 ஆகஸ்ட், வியாழன்

காலையில் லேசாக ரத்தம் பட்டது. ஒரு சொட்டு. கிளினிக்குக்கு ஃபோன் போட்டேன். சில பேருக்கு அப்படி வரும், நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றாள் நர்ஸ்.

நல்ல அறிகுறி. அவளே சொன்னாள்.

9 ஆகஸ்ட், வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. விடியற்காலையில் போர்வை துவைத்தேன். கீழ்விரிப்பும் அழுக்காக இருந்தது, அதையும் அலசிவிட்டேன். வெயில் நன்றாக இருந்ததால் சீக்கிரம் காய்ந்தது.

அத்தை குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் துவைத்தேன். அவர் வந்து கேட்டால், ஆடி வெள்ளிக்குச் சுத்தம் செய்தேன் என்று சொல்லலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. இவர் பல் விளக்கிக்கொண்டே துணிக்கொடியைப் பார்த்தார். அப்புறம் வாளியில் மிச்சம் இருந்த தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றினார்.

மாத்திரை போட்டேன். ஊசியும் போட்டுக்கொண்டேன்.

10 ஆகஸ்ட், சனி

ஒன்றும் இல்லை. வயிறு வலி கொஞ்சம்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

சின்ன அத்தை வந்திருந்தார். அத்தையின் தங்கை, வேடசந்தூரில் இருக்கிறார். அவர் மருமகள் அபிநயாவுக்கு ஏழாம் மாதம். ஆடி முடிந்ததும் வளைகாப்பு வைத்திருக்கிறார்கள், முப்பதாம் தேதி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை அந்தப் பெண்ணுக்கு. ட்ரை பண்ணுகிறீர்களா என்று அவளை யாராவது கேட்டிருப்பார்களா? கேட்பதற்குள் ஆகிவிட்டது. சில பேருக்கு அந்த வார்த்தையே தேவைப்படுவதில்லை.

சின்ன அத்தை என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை நிக்கும், பாரேன்" என்றார். அத்தைதான் சொல்லியிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். சிரிக்கவும் செய்தேன். சாயங்காலம் இவர் கொத்துப் பரோட்டா வாங்கிவந்தார். எனக்குப் பிடிக்கும் என்று அவர் வாங்கிவருவது கெட்ட செய்தி வரும் நாளில்தான். இன்றைக்கு எதற்கு வாங்கினார் என்று தெரியவில்லை. சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

13 ஆகஸ்ட், செவ்வாய்

நாளைக்கு மதுரை. மருந்துக் கடையில் டெஸ்ட் பண்ணுகிற அட்டை ஒன்று வாங்கி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்றாள் ஜெசிந்தா. அதெல்லாம் தப்பாகக் காட்டும் என்று சொல்லிவிட்டேன். ரத்தத்தில் பார்த்தால்தான் உறுதி. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எதுவும் முடிந்துபோய்விடவில்லை.

பஸ்ஸில் பேசவில்லை. தலைவலி.

14 ஆகஸ்ட், புதன்

இல்லை.

கவுண்ட்டரிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் பேப்பரை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். என்னால் எந்தத் தப்பும் இல்லையாம். நின்றதாலோ, வேலைக்குப் போனதாலோ, பஸ்ஸில் வந்ததாலோ இல்லையாம். கருவே பலமாக இல்லை என்றார். அது முதல் நாளே தெரியும் என்றார்.

முதல் நாளே தெரியும்.

வேறு ஒரு பெண்ணின் முட்டையை வாங்கி அடுத்த ட்ரை பண்ணலாம் என்றார். எத்தனையோ பேர் பண்ணுகிறார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்:

"போதும் மேடம். விட்டுருவோம். இவ உடம்பு தாங்காது."

மூஞ்சியைப் பார்த்து எதையும் சொல்லத் தெரியாத மனுஷன். டாக்டர் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னார். நிதானமாகச் சொன்னார். ரொம்ப நாளைக்கு முன்னாலேயே முடிவு பண்ணியிருப்பார் போல. வெளியே வந்ததும் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஆரப்பாளையத்தில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார், பகலில், நாலு பேர் பார்க்க.

நிம்மதியாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். இனி ஊசி இல்லை, மதுரைக்கு அலைய வேண்டாம். நிம்மதிதானே?

15 ஆகஸ்ட், வியாழன்

சுதந்திர தினம். கடை உண்டு.

இவர் காலையிலேயே அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் சமையல்கட்டில் இருந்தேன், கேட்டது.  அத்தை கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் எழுந்து வந்து, பித்தளைச் செம்பில் எனக்காகத் தினமும் கொதிக்க வைக்கிற கஷாயத்தை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார்.

நான் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் கேஸ்காரன் வந்தான். சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

"சுகந்தி, அந்தச் சிலிண்டரைக் கொஞ்சம் உள்ள இழுத்துப் போடுத்தா" என்றார் அத்தை.

பதினோரு வருஷமாக என்னை ஒரு குடம் தூக்க விட்டதில்லை. ஒவ்வொரு மாதமும், நாள் தள்ளியிருக்குமோ, எதற்கு வம்பு என்று அவரே மூட்டு வலியோடு தூக்குவார். நான் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன், நான் என்ன நோயாளியா என்று. கோபத்தில் சொல்லவில்லை அவர். இயல்பாகத்தான் சொன்னார். நான் சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் மூலையில் வைத்தேன். கனமாகத்தான் இருந்தது.

17 ஆகஸ்ட், சனி

ஆவணி பிறந்துவிட்டது. எதிர் வீட்டு அக்கா கோலம் போடும்போது என்னைப் பார்த்தார். வழக்கமாக ஏதாவது கேட்பார். இன்றைக்கு மழை வருமா என்று கேட்டார். வரும் போலிருக்கிறது என்றேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

ஒருவரும் கேட்பதில்லை. எப்படித்தான் தெருவுக்கே தெரிந்ததோ. அத்தை சொல்லியிருப்பார், தப்பில்லை, இனி யாரும் கேட்டு என்னை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். இதைத்தானே நான் இத்தனை வருஷமாகச் சாமியிடம் கேட்டேன்? இந்தக் கேள்வி என் காதில் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அபிராமியம்மன் கோயிலுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை போயிருப்பேன். கொடுத்துவிட்டாள். பிள்ளையைக் கொடுக்காமல் இதைக் கொடுத்திருக்கிறாள் மகராசி.

22 ஆகஸ்ட், வியாழன்

கடையில் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். காலேஜ் சேருகிற பெண். ஒரு மயில் கழுத்துக் கலர் செட்டை எடுத்துக் காட்டினேன். ட்ரை பண்ணிப் பாரும்மா என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை.  போட்டுப் பாரும்மா என்றேன். அதற்குப் பிறகு நாள் முழுக்கப் போட்டுப் பாருங்க, போட்டுப் பாருங்க என்றே சொன்னேன். ஜெசிந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஸ்டூலைத் திரும்பவும் குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

டாக்டர் சொன்ன அந்த இன்னொரு வழியைப் பற்றி இவரிடம் பேசலாம் என்று காலையிலிருந்து நினைத்தேன். எனக்கு அதில் பெரிய விருப்பம் ஒன்றும் இல்லை. யாரோ ஒருத்தியின் முட்டை, யாரோ ஒருத்தியின் ஜாடை. இருந்தாலும் பேசிவைத்தால் என்ன, பேசுவதற்கு என்ன கேடு?

இவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். காதோரம் நரைத்திருக்கிறது. கறி எடுத்துவந்து அவரே சமைத்தார். பட்டறையைப் பெரிதாக்கலாமா, இல்லை நாம் இரண்டு பேரும் ராமேஸ்வரம் போய்வரலாமா என்று கேட்டார். கல்யாணமான புதிதில் பேசுவது போல் பேசினார். மனுஷன் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்திருக்கிறார், நன்றாகவே தெரிகிறது. திரும்ப எப்படி ஏற்றுவது?

நான் கேட்கவில்லை. ராமேஸ்வரம் போகலாம் என்றேன்.

28 ஆகஸ்ட், புதன்

அட, ஒரு பேச்சுக்காவது யாராவது கேட்கக் கூடாதா.

30 ஆகஸ்ட், வெள்ளி

வேடசந்தூர் போய்வந்தோம். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் வளைகாப்பில் ஒரு வழக்கம் உண்டு. மாசமாக இருக்கிற பெண்ணுக்கு வளையல் அடுக்கி முடித்து அவளை எழுப்பியதும், சூடு ஆறாத அதே பலகையில், பிள்ளை இல்லாத பெண்களை உட்கார வைப்பார்கள். மிச்ச வளையலில் முதலில் அவர்களுக்குத்தான் போடுவார்கள். அவளுக்குக் கொடுத்தது உனக்கும் கிடைக்கட்டும் என்று. பதினோரு வருஷத்தில் நான் உட்காராத பலகை இந்தச் சொந்தத்தில் கிடையாது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், கூட்டமே திரும்பிப் பார்க்கும், நான் குனிந்துகொண்டு போய் உட்காருவேன். கை நீட்டும்போதெல்லாம் பிச்சை கேட்பதுபோல் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அத்தனையையும் கழற்றி எறிவேன்.

அபிநயா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். கன்னத்தில் சந்தனம், முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தாள். சின்ன அத்தை வளையல் தட்டோடு திரும்பினார். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். சின்ன அத்தை என் பக்கமாக வந்தார். என் கை தானாக நீண்டுவிட்டது. சத்தியமாக நான் நீட்டவில்லை, பழக்கத்தில் அது நீண்டது.

சின்ன அத்தை என்னைக் கடந்துபோனார். எனக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், யாருடைய மருமகளோ, தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. அவளைக் கையைப் பிடித்து எழுப்பினார். அப்போதுதான் நீட்டியபடி இருந்த என் கையைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. சின்ன அத்தை கெட்டவர் இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"உன்னைச் சங்கடப்படுத்த வேணாம்னுதாந்தா... அதான் விட்டாச்சுன்னு ஞானசேகரு சொன்னானே."

அன்பாகத்தான் சொன்னார். என் மேல் இரக்கப்பட்டுத்தான் எல்லாரும் அப்படிப் பார்த்தார்கள்.  அந்தப் பலகை எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் கிடந்தது. அது எனக்கு வேண்டும் என்று இருந்தது. இத்தனை வருஷம் வெறுத்த அந்தப் பலகை. ஒரு சின்ன இடம், பிள்ளை வரலாம் என்கிறவர்கள் உட்காருகிற இடம். அங்கே உட்காரவும் எனக்கு இனி உரிமை இல்லையா?

"இல்லத்தே. விடல. நாங்க இன்னும் ட்ரை பண்றோம்" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன். கூடம் முழுக்கக் கேட்டது. அத்தை கையிலிருந்த குங்குமச் சிமிழைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். ஏன் என்கிட்ட சொல்லவில்லை, எப்போது முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டுக் கேட்டு என் தலையைத் தடவினார். அழுதார். யாரோ குலவை போட்டார்கள். என்னைத் தூக்கிப் பலகையில் உட்கார வைத்தார்கள். வளையல் சின்னது, ஏறவில்லை. சின்ன அத்தை எண்ணெய் தடவி, என் கையை அழுத்தி, ஒவ்வொன்றாக ஏற்றினார். ஒன்று உடைந்து கீறியது. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நிமிர்ந்தபோது இவர் வாசல்படியில் நின்றிருந்தார். பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்தவர், குலவைச் சத்தம் கேட்டு சாம்பார் வாளியோடு வந்திருக்கிறார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பேசாமல் இருந்துகொண்டே காரியம் பண்ணுகிறாயே என்று ஒரு பெரியவர் முதுகில் தட்டினார். இவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாளியோடு பந்திக்குத் திரும்பிப் போனார்.

அத்தை சின்ன அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வண்டியில் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"ஏன் சுகந்தி அப்படிச் சொன்ன?"

என்ன சொல்வது? குழந்தை வரும் என்று எனக்கும் நம்பிக்கை இல்லை. அவர் திரும்ப மதுரைக்கு வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

"கைய நீட்டிட்டேங்க" என்றேன். "அத்தனை பேரு பாத்துட்டாங்க. நீட்டின கைய எப்படிங்க மடக்குறது?"

 அவர் வண்டியை எடுத்தார். வேகத்தடை வந்தபோது இறங்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.